சாய்கோடும் கலப்புச்சொல்லும்: ஒரு கற்பனை இணையின் பெயர் வரலாறு

கதைமாந்தருக்குப் பெயரிடும் உரிமை ஆசிரியனுக்கே உரியது என்பது இலக்கிய உலகில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். காப்பியத் தலைவனுக்கும் தலைவிக்கும் புலவன் இட்ட பெயரை வாசகர் ஏற்றுக்கொள்வர்; அதை மாற்றவோ அதனோடு வேறொன்றைச் சேர்க்கவோ அவர்கள் முற்படுவதில்லை. ஆயின் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறலாயிற்று. ஆசிரியன் இணைக்காத இரு பாத்திரங்களை வாசகரும் பார்வையாளரும் தாமே காதலராக இணைத்து, அவ்விணைக்குத் தாமே ஒரு பெயரும் சூட்டினர். இவ்வாறு தோன்றிய பெயர்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றும், பின்வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்ததும் 'கே/எஸ்' என்பதாகும். 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களான கேர்க், ஸ்பொக் ஆகிய இருவரின் முதலெழுத்துகளும் இடையே ஒரு சாய்கோடும் சேர்ந்து அமைந்தது இப்பெயர். இதே இணைக்குப் பின்வந்த தலைமுறையினர் 'ஸ்பேர்க்' என வேறொரு பெயரையும் வழங்கினர்.

ஓரிணைக்கு இரு பெயர்கள் ஏன் தோன்றின? முன்னைய பெயர் எத்தகைய சூழலில் பிறந்தது? பின்னைய பெயர் எவ்வாறு வேறுபட்டது? இவ்வினாக்களை ஆராயுமிடத்து, சொற்பிறப்பு என்பது வெறும் எழுத்தாராய்ச்சியன்று, அச்சொல்லை வழங்கிய மக்களின் வாழ்நிலையோடும் அவர்கள் கையாண்ட கருவிகளோடும் பிணைந்த சமூக வரலாறே என்பது புலனாகும்.

தொடரும் அதன் இரசிகரும்

ஜீன் ரொடன்பெரி என்பவர் உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' 1966ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனத்தினால் ஒளிபரப்பத் தொடங்கப்பட்டு, 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் நிறைவுபெற்றது. மூன்று பருவங்களில் 79 அங்கங்கள் தயாரிக்கப்பட்டன. விண்கலமொன்றின் தலைவன் கேர்க், துணைவன் ஸ்பொக். கேர்க் துணிவும் உணர்ச்சிவேகமும் மிக்க மனிதன். ஸ்பொக்கோ மனிதத் தாய்க்கும் வல்கன் என்னும் வேற்றுக் கிரகத்துத் தந்தைக்கும் பிறந்தவன். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழியே ஒழுகப் பயின்றவன். இவ்விருவருக்குமிடையிலான நட்பே தொடரின் உயிர்நாடியாக விளங்கியது.

1967ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஒளிபரப்பான ஓர் அங்கம் இங்கு குறிப்பிடத்தக்கது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் தியடோர் ஸ்ரேர்ஜன் எழுதிய அவ்வங்கத்தில், தன் இனத்துக்கு இயல்பான இணைவிழைச்சின் வேகத்தினால் அறிவு மயங்கிய நிலையில் ஸ்பொக் தன் தலைவனோடு பொருத நேர்கின்றது. தன் கையாலேயே கேர்க் மாண்டான் என நம்பித் துயருற்றுத் திரும்பும் ஸ்பொக், அவன் உயிரோடிருப்பதைக் கண்டதும் ஒரு கணம் தன்னை மறந்து மகிழ்கின்றான். உணர்ச்சியற்றவனெனக் காட்டப்பட்ட ஒருவனின் முகத்தில் தோன்றிய அம்மகிழ்ச்சிக்கு இரசிகர் பலர் தத்தமக்குத் தோன்றியவாறு பொருள் கண்டனர்.

பொருள் கண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதே 1967ஆம் ஆண்டில் 'ஸ்பொக்கனேலியா' என்னும் இரசிகர் சஞ்சிகை நியூயோர்க்கில் வெளிவந்தது. ஸ்டார் ட்ரெக்கிற்கென்றே தோன்றிய முதற் சஞ்சிகை இதுவெனக் கொள்ளப்படுகின்றது. அதன் ஆசிரியர்களான டெவ்ரா லாங்சம், ஷேர்னா கொமர்போர்ட் ஆகிய இருவரும் பெண்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதுவரை ஆண்களே பெரும்பான்மையினராக விளங்கிய விஞ்ஞானப் புனைகதை உலகிலே, ஸ்டார் ட்ரெக்கின் வழியே பெண்கள் பெருந்தொகையினராய்ப் புகுந்தனர். தட்டச்சிட்டு ரோணியோவில் பிரதியெடுத்தும், வசதி வாய்த்தவிடத்து ஓப்செற் முறையில் அச்சிட்டும் அவர்கள் சஞ்சிகைகளை வெளியிட்டனர். கதை, கவிதை, சித்திரம், விவாதம் ஆகியன அவற்றில் இடம்பெற்றன. பதிப்புரிமை தம்மிடம் இல்லாமையால் ஆதாயம் கருதாது, தாளுக்கும் தபாலுக்கும் ஆன செலவை மட்டும் பெற்று அவற்றை விநியோகித்தனர். தொடர் நின்ற பின்னரும் இம்முயற்சி நின்றுவிடவில்லை. 1972ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயோர்க்கில் நடைபெற்ற இரசிகர் மாநாட்டிற்குச் சில நூற்றுவரே வருவரென ஏற்பாட்டாளர் எதிர்பார்த்திருக்க, ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

பெயரற்ற இருவர்

1974ஆம் ஆண்டு செப்ரெம்பரில் 'குரூப்' என்னும் இரசிகர் சஞ்சிகையின் மூன்றாம் இதழிலே இரு பக்க அளவினதான ஒரு சிறு கதை வெளிவந்தது. அதனை எழுதியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டயான் மார்ச்சன்ட் என்னும் பெண்மணி. கேர்க்கையும் ஸ்பொக்கையும் காதலராகக் காட்டி இரசிகர் சஞ்சிகையில் அச்சேறிய முதற் கதை இதுவே என்பது ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் முடிவாகும். ஆயின் இக்கதையில் ஒரு விந்தை உண்டு. கேர்க்கின் பெயரோ ஸ்பொக்கின் பெயரோ அதில் ஓரிடத்தேனும் இடம்பெறவில்லை. இருவருள் ஒருவர் ஆண் என்பது மட்டும் சுட்டுச் சொல்லினால் உணரக் கிடக்கின்றது. மற்றவர் யார் என்பதை வாசகரே உய்த்துணரவேண்டும். அடுத்த இதழில் எழுதிய கட்டுரையிலேயே ஆசிரியர் இவ்விடயத்தை வெளிப்படையாகப் பேசினார்.

அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்னும் அகப்பொருள் மரபை அறிந்த தமிழ் மாணவருக்கு இது வியப்பூட்டக்கூடும். எனினும் இரண்டிற்குமிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. அகமரபிற் பெயர் மறைவது அக்காதலை எல்லோருக்கும் பொதுவான அனுபவமாக உயர்த்துவதற்காகும். 1974ஆம் ஆண்டுக் கதையிற் பெயர் மறைந்ததோ அக்காதல் பொதுவில் உரைக்கத்தகாததெனக் கருதப்பட்டமையாலாகும்.

அக்காலச் சூழலை நோக்கின் இது தெளிவாகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயதிற்கு மேற்பட்ட ஆண்களிடையே தனிமையில் நிகழும் ஒருபாலுறவு குற்றமன்றெனச் சட்டமியற்றப்பட்டது 1967ஆம் ஆண்டிலேயாகும். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் ஒருபாலீர்ப்பினை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973ஆம் ஆண்டு டிசெம்பரில். மார்ச்சன்டின் கதை வெளிவந்த வேளையில் ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அத்தகைய உறவு தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. நாடு முழுவதிலும் அச்சட்டங்கள் செல்லாதனவாக்கப்பட்டமை 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மூலமே நிகழ்ந்தது. இச்சூழலிலே, பிறருக்குச் சொந்தமான இரு பாத்திரங்களை அத்தகைய காதலராக எழுதும் ஒரு பெண் இரு வகை ஆபத்தை எதிர்நோக்கினாள். ஒன்று உரிமையாளரின் சினம். மற்றொன்று ஊராரின் பழிச்சொல். பெயரின்மை அவளுக்குக் கிடைத்த முதற் புகலிடமாயிற்று.

இரு குறிகளின் வேறுபாடு

ஆயின் பெயரில்லாத ஒன்றைத் தேடிக் கண்டடைவதும் விலக்கி ஒதுக்குவதும் ஒருங்கே கடினமாம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து இத்தகைய கதைகள் பெருகலாயின. 1976ஆம் ஆண்டில் ஜெரி டவுன்ஸ் என்பவர் இப்பொருளில் ஒரு தனி வெளியீட்டையே கொணர்ந்தார். தபால் மூலம் சஞ்சிகை பெறும் வாசகருக்கு, வரவிருப்பது நட்புக் கதையா காதற் கதையா என்பதை முன்கூட்டி அறியும் தேவை எழுந்தது. சஞ்சிகை விளம்பரமோ சில வரிகளே கொண்டது. விரித்துரைக்க அங்கு இடமில்லை. பலருக்குத் துணிவும் இருக்கவில்லை.

இத்தேவையை நிறைவு செய்தவை தட்டச்சுப் பொறியில் ஏற்கெனவே இருந்த இரு குறிகளேயாம். ஆங்கிலத்தில் 'உம்' என்னும் பொருள் தரும் இணைப்புக் குறியை இரு பெயர்களின் முதலெழுத்துகளுக்கிடையே இட்டால் அது கேர்க்கும் ஸ்பொக்கும் நண்பராய் வரும் கதை. அவ்விடத்திலே சாய்கோட்டை இட்டால் அது அவர்கள் காதலராய் வரும் கதை. எழுத்துகள் அவையே, மாறியது இடைப்பட்ட குறி மாத்திரமே. அக்குறியின் மாற்றத்திலே பொருள் முழுவதும் மாறிற்று.

தமிழிலக்கணக் கண்கொண்டு இதனை நோக்குதல் பயன் தரும். 'கபிலபரணர்' என்னும் சொல்லில் 'உம்' மறைந்து நிற்பதால் அதனை உம்மைத்தொகை என்பர். நட்பைச் சுட்டிய முதற் குறி, மறையாது வெளிப்பட்டு நிற்கும் உம்மை போன்றது. கேர்க்கும் உண்டு, ஸ்பொக்கும் உண்டு என்பதற்கு மேல் அது எதுவும் கூறுவதில்லை. சாய்கோட்டின் செயலோ வேறு. 'கே/எஸ்' என்றபோது வாசகர் கருதியது கேர்க்கையுமன்று, ஸ்பொக்கையுமன்று. அவ்விருவருக்கும் புறத்தே நின்ற மூன்றாவதொரு பொருளை, அதாவது அவர்களின் காதலையும் அக்காதலைக் கூறும் கதைவகையையும் ஆகும். சொற்களுக்குப் புறத்தேயுள்ள பொருளை உணர்த்துவது அன்மொழித்தொகையின் இயல்பு. அவ்வகையில் 'கே/எஸ்' என்பது உம்மைத்தொகை வடிவிற் பிறந்து அன்மொழித்தொகையின் பொருளைப் பெற்றதெனலாம்.

சாய்கோட்டின் பழைய வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளிலே வாசிப்போன் சற்றே நிறுத்தவேண்டிய இடத்தைக் காட்ட இக்கோடு இடப்பட்டது. 'சிறு கோல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினடியாக அதற்கு 'வேர்கியூல்' என்னும் பெயர் வழங்கிற்று. பின்னர் பிரித்தானியாவில் சிலிங்கையும் பென்சையும் பிரித்தெழுத இது பயன்பட்டது. இலங்கையில் ரூபாத் தொகைக்குப் பின் இன்றும் இடப்படும் சாய்கோடும் இரட்டைக்கோடும் அச்சிலிங் வழக்கின் எச்சங்களே. 'இது அல்லது அது' என்பதைக் குறிப்பதற்கும், கணிதத்தில் வகுத்தலுக்கும் இக்கோடே பயன்பட்டது. ஆக, நிறுத்துதல், பிரித்தல், வகுத்தல், ஒன்றை விலக்கி மற்றொன்றைத் தெரிதல் என்பனவே இதன் மரபுவழிப் பொருள்களாக இருந்தன. பிரிப்பதற்கென்றே பிறந்த குறியொன்றை இணைப்பதற்கு, அதிலும் உலகம் இணைய ஒவ்வாதெனக் கொண்டோரை இணைப்பதற்கு, அப்பெண்கள் பயன்படுத்தினர். சாய்கோட்டின் பொருள் வரலாற்றில் இது ஒரு பெருந் திருப்பமாகும்.

காப்பும் எச்சரிக்கையும்

இப்பெயர் ஒரே வேளையில் இரு பணிகளை ஆற்றியது. அறிந்தவருக்கு அது அழைப்பு. அறியாதவருக்கு அது வெறும் எழுத்தும் கோடும். மேசைமீது கிடக்கும் கடிதமொன்றில் 'கே/எஸ்' என்றிருப்பதைக் காணும் வீட்டார் அதிலிருந்து எதனையும் ஊகிக்க இயலாது. மறுபுறத்தில், அத்தகைய கதையை விரும்பாத இரசிகருக்கு அதுவே விலகிச் செல்லுமாறு கூறும் அறிவித்தலுமாயிற்று. இச்சஞ்சிகைகளை வாங்குவோர் தாம் வயது வந்தவரென எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. மாநாடுகளிலே இவை மேசைமேல் வைக்கப்படாது மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட காலமும் இருந்தது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் எழவில்லை. இரசிகர் வட்டத்தினுள்ளேயே கடுமையான விவாதங்கள் நிகழ்ந்தன. மூலத்தில் இல்லாததை ஏற்றிச் சொல்வது பாத்திரங்களுக்கு இழைக்கும் அநீதியென ஒரு சாரார் வாதிட்டனர். மூலம் காட்டிய அன்பின் ஆழமே தமக்குச் சான்றென மறுசாரார் விடையிறுத்தனர். இவ்விவாதத்தை வெறும் பொழுதுபோக்காளரின் சச்சரவெனத் தள்ளிவிடுதல் தகாது. ஒரு படைப்பின் பொருள் படைத்தவனிடம் உள்ளதா, பயில்வோரிடம் உள்ளதா என்னும் திறனாய்வுலகின் தலையாய வினாவே அங்கு ரோணியோத் தாள்களில் விவாதிக்கப்பட்டது.

படைத்தவரும் இதனைக் கேளாதவராயில்லை. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தின் நாவல் வடிவத்தை ரொடன்பெரியே எழுதினார். அதில் நண்பன், சகோதரன், காதலன் என்னும் மூன்று பொருளையும் ஒருங்கே தரும் 'தைலா' என்னும் வல்கன் சொல்லொன்றை அவர் புனைந்தார். அச்சொல்லுக்கு எழுதிய அடிக்குறிப்பிலே, தாமிருவரும் காதலரென உலவும் வதந்தியைப் பற்றிக் கேர்க் தானே பேசுவதுபோல அமைத்தார். பெண்களிடமே தனக்கு நாட்டமெனக் கேர்க் நகைச்சுவையோடு கூறுகின்றான். எனினும் அச்சொல்லின் மூன்றாம் பொருளை ஆசிரியர் நீக்கினாரல்லர். இவ்வாறு ஐயத்துக்கு இடமளித்த அச்சொல்லைக் 'கே/எஸ்' எழுத்தாளர் தமதாக்கிக் கொண்டனர். வாசகர் படைத்த பெயருக்கு விடையாக ஆசிரியர் ஒரு சொல்லைப் படைத்தார். அச்சொல்லும் வாசகரின் உடைமையாயிற்று. படைப்போனுக்கும் பயில்வோருக்கும் இடையிலான உறவு ஒருவழிப் பாதையன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சிறப்புப்பெயர் பொதுப்பெயராதல்

'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' என்னும் அமெரிக்கத் தொடர் 1975 முதல் 1979 வரை ஒளிபரப்பாகியது. பிரித்தானியாவில் 1977 முதல் 1983 வரை 'த புரொபெஷனல்ஸ்' என்னும் தொடர் ஒளிபரப்பாகியது. இவற்றின் ஆண் இணைகளைப் பற்றியும் இரசிகர் கதைகள் தோன்றியபோது, ஸ்டார் ட்ரெக் வட்டத்தில் வழங்கிய முறையே பின்பற்றப்பட்டது. முதலெழுத்துகள் மாறின, சாய்கோடு மாறவில்லை. இதன் விளைவாக, எல்லா இணைகளுக்கும் பொதுவாய் நின்ற அக்கோட்டின் ஆங்கிலப் பெயராகிய 'ஸ்லாஷ்' என்பதே அக்கதைவகையின் பெயராயிற்று. முதலிற் குறியைக் குறித்த சொல், பின்னர் கதைவகையைக் குறித்தது. இரு பாத்திரங்களை அவ்வாறு இணைத்தெழுதுதல் என்னும் வினைப்பொருளும் பெற்றது. பெண் இணைகளைப் பற்றிய கதைகளுக்குப் 'பெம்ஸ்லாஷ்' எனப் பெயர் ஏற்பட்டபோது, சாய்கோடு கண்ணுக்குப் புலப்படும் குறியாயிருந்த நிலை மாறிச் சொல்லின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

காரணம் பற்றி வருவது காரணப்பெயர், காரணமின்றி வழங்குவது இடுகுறிப்பெயர் என்பது நன்னூல் வழிவந்த பாகுபாடு. 1970களிற் 'கே/எஸ்' என எழுதியவருக்கு அது முற்றிலும் காரணப்பெயர். அதன் ஒவ்வோர் உறுப்பின் காரணத்தையும் அவர் அறிவார். 'ஸ்லாஷ்' எனக் கூறும் இன்றைய இளைஞர் பலருக்கோ அது இடுகுறியாகவே தோன்றும். கேர்க்கும் ஸ்பொக்கும் அதனுள் மறைந்து கிடக்கின்றனர். காரணம் மறக்கப்படும்போது காரணப்பெயர் இடுகுறி போலாவது மொழியின் இயல்பே. ஆயின் மறக்கப்பட்ட காரணத்தோடு அதனைப் படைத்தோரின் உழைப்பும் மறக்கப்பட்டுவிடும் அபாயம் உண்டு.

அவ்வுழைப்பினை முதலிற் கல்வியுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தோருள் ஒருவர் விஞ்ஞானப் புனைகதை ஆசிரியரும் பெண்ணிலைவாதியுமான ஜோஅன்னா ரஸ். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை, பெண்கள் தமக்கெனப் படைத்துக்கொண்ட காம இலக்கியமாக இக்கதைகளை நோக்கியது. 1992ஆம் ஆண்டில் ஹென்றி ஜென்கின்ஸ், கமில் பேக்கன்-ஸ்மித் ஆகிய இருவரின் நூல்கள் தனித்தனியே வெளிவந்தன. இரசிகர் வாளா நுகர்வோரல்லர், பிறர் நிலத்துட் புகுந்து தமக்கு வேண்டியதைக் கவர்ந்துகொண்டு புதியன ஆக்குவோரே என ஜென்கின்ஸ் விளக்கினார். பாகுபாடற்ற சமத்துவ உறவொன்றை ஆண் பெண் காதற் கதைகளிற் காணாத பெண்கள், அதனைச் சமநிலையுடைய இரு ஆண்களிடத்துக் கற்பனை செய்தனர் என்பதும் இவ்வாய்வுகளில் எழுந்த முக்கியமான விளக்கங்களுள் ஒன்றாகும்.

கலப்புச்சொல்லின் வருகை

1990களில் இரசிகர் வட்டம் தாளிலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்தது. 1993ஆம் ஆண்டில் ஆரம்பித்த 'எக்ஸ் பைல்ஸ்' தொடரின் இரசிகரிடையே, இரு பாத்திரங்களின் உறவை வேண்டுவோர் 'உறவு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இறுதிப் பகுதியால் 'ஷிப்பர்' என அழைக்கப்பட்டனர். ஆயினும் அவ்விணையின் பெயர் அன்றும் முதலெழுத்துச் சுருக்கமாகவே இருந்தது. 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான் இரு பெயர்களையும் வெட்டி ஒட்டி ஒரே சொல்லாக்கும் முறை மேலோங்கியது.

இம்முறை முற்றிலும் புதியதன்று. லூயிஸ் கரோல் 1871ஆம் ஆண்டு நூலிலே இத்தகைய கலப்புச்சொற்களுக்கு, இருபுறமும் திறக்கும் பயணப்பெட்டியின் பெயரைச் சூட்டினார். 1920ஆம் ஆண்டில் மணம்புரிந்த திரை நட்சத்திரங்களான மேரி பிக்போர்ட், டக்ளஸ் பெயர்பாங்ஸ் ஆகியோரின் மாளிகை 'பிக்பெயர்' எனப் பெயர்பெற்றது. டெசி ஆர்னாஸ், லூசில் போல் என்னும் நடிகத் தம்பதியர் 1950ஆம் ஆண்டில் நிறுவிய கம்பனிக்குத் தம் பெயர்களைக் கலந்து 'டெசிலு' எனப் பெயரிட்டனர். 1960ஆம் ஆண்டில் அவர்களின் மணமுறிவு நிகழ்ந்தது. ஆயினும் கலந்த பெயர் நிலைத்தது. 1966ஆம் ஆண்டில் ஸ்டார் ட்ரெக்கைத் தயாரித்தது அந்த டெசிலு நிறுவனமே. பிற்காலத்து ஸ்பேர்க் என்னும் பெயரின் ஆக்கமுறை, அப்பாத்திரங்களைத் தோற்றுவித்த நிறுவனத்தின் பெயரிலேயே முன்னரே அமைந்திருந்தமை வரலாற்றின் சுவையான ஒற்றுமைகளுள் ஒன்றாகும்.

2003ஆம் ஆண்டளவில் பென் அப்லெக், ஜெனிபர் லோபஸ் இணைக்குப் பத்திரிகைகளிற் பரவிய 'பெனிபர்' என்பதும், 2005ஆம் ஆண்டில் எழுந்த 'பிராஞ்சலினா' என்பதும் இம்முறையை உலகறியச் செய்தன. கணினியின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. சாய்கோடு கணினி முகவரிகளில் வேறு பணிக்குரியது. 2007ஆம் ஆண்டின் பின் வழக்கிற்கு வந்த ஹேஷ்டேக் இடையில் ஒரு சாய்கோடு வந்தவுடனே முறிந்துவிடும். முறியாத ஒற்றைச் சொல்லே அங்கு தேடத்தக்கது. தட்டச்சுப் பொறி சாய்கோட்டை அளித்தது போலக் கணினி கலப்புச்சொல்லை வேண்டிற்று. 2009ஆம் ஆண்டில் புதிய நடிகரைக் கொண்டு ஸ்டார் ட்ரெக் திரைப்படம் வெளிவந்து புதிய தலைமுறை இரசிகரை ஈட்டியபோது, 'ஸ்பேர்க்' என்னும் பெயர் பெருவழக்குற்றது.

இப்பெயரின் ஆக்கம் ஒலியியல் நோக்கிற் சுவையானது. ஸ்பொக் என்பதன் தொடக்க மெய்களாகிய 'ஸ்ப்' என்பதோடு, கேர்க் என்பதன் எஞ்சிய பகுதியாகிய 'ஏர்க்' சேர 'ஸ்பேர்க்' பிறக்கின்றது. மாறி அமைத்தால், 'க்' என்பதோடு 'ஒக்' சேர்ந்து 'கொக்' என்றாகும். அது ஆங்கிலத்தில் அவையிற் கூறத்தகாத சொல்லொன்றோடு ஒலியொத்தது. அன்றியும் 'க்' என்னும் ஒற்றை மெய்யைவிட 'ஸ்ப்' என்னும் மெய்ம்மயக்கம் ஸ்பொக்கை எளிதில் நினைவூட்ட வல்லது. இதனாற் சாய்கோட்டுப் பெயரில் முதலில் நின்ற தலைவன் கலப்புச்சொல்லிற் பின்னிடம் பெற்றான்; துணைவன் முன்னிடம் பெற்றான். இத்தகைய இரசிகர் பெயர்களை ஆராய்ந்த மொழியியலாளர் காரா டிஜிரோலமோ, பெயராய்வுச் சஞ்சிகையொன்றில் 2012ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலே, ஒலியமைப்புக்கும் எழுத்து வடிவத்துக்கும் இடையிலான தொடர்பே இவற்றை நெறிப்படுத்துகின்றதென விளக்கினார். விளையாட்டாகத் தோன்றும் பெயரிடலும் மொழியின் உள்விதிக்குக் கட்டுப்பட்டதே என்பது இதனாற் பெறப்படும்.

இழந்ததும் பெற்றதும்

இரு பெயர்களையும் ஒப்பிடுமிடத்து ஓர் அடிப்படை வேறுபாடு புலப்படும். உயர்திணையில் வரும் உம்மைத்தொகை பலர்பால் ஈறு கொள்ளும் என்பது இலக்கண விதி. 'கபிலபரணர்' என்புழிக் கபிலரும் பரணரும் இணைந்தும் இருவராகவே நிற்கின்றனர். 'கே/எஸ்' அத்தகையது. கோட்டின் இருமருங்கும் இருவர் நிற்கின்றனர். ஒருவர் மற்றவருள் கரைந்துவிடவில்லை. 'ஸ்பேர்க்' என்பதிலோ இருவரும் ஒருவராகின்றனர். ஒவ்வொருவரும் தம்மிற் பாதியை இழந்தே அப்பெயருட் புகுகின்றனர். சமத்துவ உறவைக் கற்பனை செய்த முதற் தலைமுறைப் பெண்களின் நோக்கிற்கு, இருவரையும் இருவராகவே நிறுத்திய சாய்கோடு பெரிதும் பொருந்திற்று.

எனினும் பின்னைய பெயரைக் குறைத்து மதிப்பிடுவதும் வரலாற்று நோக்காகாது. முதலெழுத்துகள் மறைப்பதற்கு உதவின. கலப்புச்சொல்லோ உரக்கக் கூறுவதற்கு உதவுகின்றது. முகமறியாதார் நடுவே பெயரைக் கூறித் தம்மை ஒத்தவரைத் தேடும் நிலையை அடைவதற்கு, மேசைக்கடியிலிருந்து சஞ்சிகை கொடுத்தோர் நடந்த தூரம் சிறிதன்று. அவர்கள் அஞ்சியவாறு எழுதியதனாலேயே இவர்கள் அஞ்சாது பேசுகின்றனர்.

பழைய குறியும் முற்றாக மறைந்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டு நவம்பரிற் பொதுவழக்கிற்கு வந்ததும், இலாபநோக்கற்ற முறையில் இரசிகராலேயே நடத்தப்படுவதுமான 'ஆர்கைவ் ஒப் அவர் ஓன்' என்னும் மின்னாவணக் காப்பகத்திலே, காதற் கதைகளின் இணைப்பெயர்கள் சாய்கோட்டினாலும், நட்புக் கதைகளின் இணைப்பெயர்கள் இணைப்புக் குறியினாலும் வகைப்படுத்தப்படுகின்றன. 1970களின் ரோணியோத் தாளில் ஒருசிலர் தமக்குள் வகுத்துக்கொண்ட வேறுபாடு, இன்று பல இலட்சம் படைப்புகளை ஒழுங்குபடுத்தும் பட்டியல் விதியாய் நிற்கின்றது. அக்காப்பகம் 2019ஆம் ஆண்டில் விஞ்ஞானப் புனைகதை உலகின் உயர் விருதான ஹியூகோ விருதினைப் பெற்றமை, ஒருகாலத்தில் அவ்வுலகின் ஓரத்தில் நிறுத்தப்பட்டோரின் பணிக்குக் கிடைத்த அங்கீகாரமாகவும் கொள்ளத்தக்கது.

எனவே, ஒரு கற்பனை இணையின் பெயரை ஆராய்தல் சிறு பொருளை ஆராய்தலன்று. சொல்லுக்கு உரிமை பாராட்ட இயலாதோர், சொல்லிடைக் குறியொன்றைத் தமதாக்கிக்கொண்டு தம் கருத்தை நிலைநாட்டிய வரலாறு அது. அரசர் வெட்டிய கல்வெட்டும் புலவர் பாடிய பாட்டும் மொழி வரலாற்றுக்குச் சான்றாவது போலவே, பெயரறியாப் பெண்கள் இரவில் விழித்திருந்து தட்டச்சிட்ட தாள்களும் சான்றாகும். அத்தாள்களில் இரு எழுத்துகளுக்கிடையே சாய்ந்து நிற்கும் ஒரு சிறு கோடு, பிரிப்பதை விடுத்து இணைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கதையின் பொருளை வகுப்பதில் வாசகருக்கும் பங்குண்டு என்பதை எழுத்திலேயே பொறித்து வைத்துள்ளது.